திண்ணையில் கற்ற யாப்பும் தெருவில் கற்ற பாட்டும்

கவிதை எழுதப் பழகத் தாளும் பேனாவும் போதும் என்று இன்றைக்குச் சொல்லிவிடலாம். நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் அப்படிச் சொல்ல முடியாது. யாரிடம் பழகுவது, யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழகுவது, பழகிய பிறகு யாரைப் பாடுவது என்கிற மூன்று கேள்விக்கும் சாதிதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இலக்கிய வரலாறு எழுதிய பெரியவர்கள் புலவர் பெயர், ஊர், காலம், நூல் என்று பட்டியல் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எம்.ஏ. தமிழ் படிக்கிற நம்ம வீட்டுப் பிள்ளை அந்தப் பட்டியலை உருப்போட்டுப் பரீட்சை எழுதித் தேறியும் விடுகிறது. தன் தெருக்காரர் பெயர் ஒன்றுகூட அதில் ஏன் இல்லை என்று கேட்க அதற்கு நேரமும் கிடைப்பதில்லை, வகுப்பில் கேட்கத் தைரியமும் வருவதில்லை.

பழகத் தொடங்குகிறவனுக்கு முதலில் கையில் கொடுத்த நூல் யாப்பருங்கலக்காரிகை. அமிதசாகரர் என்ற சமணர் எழுதியது. ஏறக்குறைய ஆயிரம் வருசத்துப் பழசு. பாடம் கேட்பது ஒரு பெண் என்று வைத்துக்கொண்டு, அவளை விளித்து விளித்துச் சொல்லிப்போகிற நூல். (எத்தனை பெண்களுக்கு அதைப் படிக்கக் கொடுத்தார்கள் என்பது வேறு கதை.) நேரசை, நிரையசை. நேரும் நேரும் சேர்ந்தால் தேமா, நிரையும் நேரும் சேர்ந்தால் புளிமா, நிரையும் நிரையும் கருவிளம், நேரும் நிரையும் கூவிளம். ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லி, குறில் எது நெடில் எது என்று காதால் பிரிக்கத் தெரிந்தவன் எவனும் கொஞ்ச நாளில் இதைப் பிடித்துக்கொள்ளலாம். இதில் சாதி கிடையாது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. பறையன் சொன்னாலும் பார்ப்பான் சொன்னாலும் அவ்வளவுதான்.

சாதி அடுத்த பாடத்தில் வருகிறது. அசையும் சீரும் தளையும் தெரிந்தவன் பிரபந்தம் பாடப் போகிறான் அல்லவா, அப்போது அவனுக்குப் பாட்டியல் என்று ஒரு இலக்கணம் சொல்லிக்கொடுத்தார்கள். பன்னிரு பாட்டியல், வச்சணந்திமாலை எனப்படும் வெண்பாப் பாட்டியல், நவநீதப் பாட்டியல், சிதம்பரப் பாட்டியல் என்று வரிசையாக நூல்கள் இருக்கின்றன. பாட்டின் முதல் சொல்லுக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கச் சொல்கின்றன இவை. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போலத்தான். மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம். இதில் வருணப் பொருத்தம் என்பது நாம் நினைப்பதேதான். பாட்டுடைத் தலைவன் என்ன வருணமோ அந்த வருணத்துக்கு உரிய எழுத்தில் பாட்டைத் தொடங்க வேண்டும்.

நூலுக்கு நூல் சின்ன வேறுபாடுகள் உண்டு. பொதுவான பங்கீடு இப்படிப் போகிறது. உயிரெழுத்துப் பன்னிரண்டும், க ங ச ஞ ட ண என்ற ஆறு மெய்யும் அந்தணருக்கு. த ந ப ம ய ர என்ற ஆறும் அரசருக்கு. ல வ ற ன நான்கும் வணிகருக்கு. ழ, ள இரண்டும் சூத்திரருக்கு. இதைப் படிக்கிறபோது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் ழகரத்திலோ ளகரத்திலோ எந்தச் சொல்லும் தொடங்காது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆக, சூத்திரனுக்குப் பாட்டில் உரிமை கொடுத்த மாதிரி எழுதி வைத்துவிட்டு, எந்தப் பாட்டும் தொடங்கவே முடியாத இரண்டு எழுத்தை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். தரிசையும் பாறையையும் பட்டா போட்டுக் கொடுப்பது நமக்குப் பழக்கமான சங்கதிதானே, அதை இலக்கணத்திலும் செய்திருக்கிறார்கள். நான்கு வருணத்துக்கும் வெளியே நிற்பவனுக்கு இந்தப் பங்கீட்டில் எழுத்து ஒன்றுமே இல்லை. பாறைகூடக் கிடையாது.

எழுத்தோடு நிற்கவில்லை. பாவையும் பிரித்தார்கள். வெண்பா அந்தணர், ஆசிரியப்பா அரசர், கலிப்பா வணிகர், வஞ்சிப்பா சூத்திரர். கலம்பகம் பாடினால் எத்தனை பாட்டு என்பதற்கும் அளவு உண்டு. தேவருக்கு 100, அந்தணருக்கு 95, அரசருக்கு 90, அமைச்சருக்கு 70, வணிகருக்கு 50, வேளாளருக்கு 30. சாமிக்கும் ஐயருக்கும் ஐந்து பாட்டுத்தான் வித்தியாசம்!

நான் எம்.ஏ. படித்தபோது இந்தப் பகுதி பாடத்திட்டத்தில் இருந்தது. நடத்தியவர், "இதெல்லாம் அந்தக் காலத்து மரபு, குறிப்பு மட்டும் எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். அந்தக் காலத்து மரபு என்றால் எந்தக் காலம்? வச்சணந்திமாலை செய்த குணவீர பண்டிதரும் சமணர்தான். சாதியை ஏற்காத மதம் என்று நாம் மேடையில் பேசுகிற சமணத்திலிருந்துதான் இந்தப் பங்கீட்டை எழுதி வைத்த ஒருவர் வந்திருக்கிறார். இதை மறைத்துவிட்டு வரலாறு பேசுவது நமக்கு உதவாது.

அதேபோலத் தொல்காப்பியத்தைக் காட்டி, பழந்தமிழில் இதெல்லாம் இல்லை என்று மார்தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பாதி உண்மை. செய்யுளியல் பாக்களைச் சாதிக்குப் பிரித்துக் கொடுக்கவில்லை. பிசியை, அதாவது விடுகதையை, அது செய்யுளில் சேர்க்கிறது. முதுசொல்லை, அதாவது பழமொழியைச் சேர்க்கிறது. பண்ணத்தி என்று பாட்டோடு கலந்து வழங்குகிற ஒன்றையும் சொல்கிறது. எழுத்தறியாத கிழவி சொல்கிற விடுகதையும் செய்யுள்தான் என்று ஒப்புக்கொண்ட இலக்கணம் அது. அந்த மட்டுக்கு நல்லது. ஆனால் அதே நூலின் மரபியலில் அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்ற வரிசை வந்து உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இந்த இலக்கணங்களை எப்படிக் கற்றார்கள் என்பதற்கு நம் திருச்சி ஜில்லாவிலேயே விரிவான சாட்சியம் இருக்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815இல் பிறந்து, திருச்சிக்குப் பக்கத்தில் அதவத்தூர், சோமரசம்பேட்டை என்று வளர்ந்து, பிறகு மலைக்கோட்டைப் பக்கம் குடிவந்தவர். அவரிடம் 1871இல் மாயூரத்தில் மாணவனாகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், பின்னாளில் ஆசிரியரின் வாழ்க்கையை இரண்டு பாகமாக எழுதினார். தன் சொந்தக் கதையையும் எழுதினார். தமிழில் ஒருவன் எப்படிப் பாட்டெழுதப் பழகினான் என்பதற்கு இவற்றைவிடப் பெரிய ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஐயர் எழுதியது என்பதற்காக நம்மவர்கள் இவற்றைத் தொடாமல் இருப்பது சரியல்ல. தொட்டால் நமக்கு வேண்டியது நிறையக் கிடைக்கும்.

பிள்ளை பிறப்பிலேயே மகாவித்துவான் ஆகிவிடவில்லை. ஏடு வைத்திருப்பவர் யார், பாடம் சொல்லக்கூடியவர் யார் என்று தேடித்தேடி அலைந்தவர். திருச்சியில் தண்டியலங்காரம் தெரிந்த பரதேசி ஒருவர் இருந்தார். வீடு வீடாகப் பிச்சை எடுத்துச் சாப்பிடுகிறவர், லேசில் யாருக்கும் பாடம் சொல்லமாட்டார். அவர் பிச்சைக்குப் போகிற தெருவெல்லாம் பின்னாலேயே போய், வேண்டியதை வாங்கிக் கொடுத்து, பணிவிடை செய்து பிள்ளை அந்த நூலைக் கற்றார். படிக்கும்போது மனசு இளகத்தான் செய்கிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. பரதேசி போன தெருக்களில் எல்லாம் பின்னாலேயே போக ஒரு வேளாளப் பையனால் முடிந்தது. சேரிப் பையனுக்கு அதே ஆசை வந்திருந்தால்? எத்தனை தெருவில் அவனைக் கால்வைக்க விட்டிருப்பார்கள்?

சாமிநாதையருக்கும் காரிகை சும்மா கிடைத்துவிடவில்லை. அன்றைக்குத் திருச்சி ஜில்லாவில் இருந்த பெரம்பலூர்ப் பக்கம் செங்கணம் என்ற ஊரில், விருத்தாசல ரெட்டியாரிடம் அவர் காரிகை பாடம் கேட்டார். குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் போய்க் கதாகாலட்சேபம் செய்து பிழைத்தவர் அவருடைய தகப்பனார். போகிற ஊரிலெல்லாம் தங்க ஒரு வீடு கிடைத்தது, அரிசி கிடைத்தது, பாடம் சொல்ல ஒரு பெரியவர் கிடைத்தார். வறுமைதான், இல்லையென்று சொல்லவில்லை. அந்த வறுமைக்குக் கதவு திறந்தது. கவிதை கற்பதற்கு வேண்டிய மூலதனம் அதுதான். ஒரு ஊருக்குள் நடந்து போய், ஒரு திண்ணையில் உட்கார்ந்து, ஒருவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க அனுமதி.

பயிற்சி முறையும் கவனிக்கத்தக்கது. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று நூற்றுக்கணக்கான பாட்டு மனப்பாடம். அதற்குப் பிறகு ஆசிரியர் ஒரு ஈற்றடியைக் கொடுப்பார், மேலே உள்ள அடிகளை மாணவன் கட்ட வேண்டும். தப்பினால் அங்கேயே திருத்தம். இலக்கண விதியைவிட இந்தத் தினசரிப் பழக்கம்தான் கவிஞனை உண்டாக்கியது. பிள்ளையிடம் படித்தவர்களில் பிராமணர் உண்டு, வேளாளர் உண்டு, தியாகராச செட்டியார் உண்டு, கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளை உண்டு, முஸ்லிமான குலாம் காதர் நாவலர் உண்டு. மதம் பார்க்காமல் சொல்லிக்கொடுத்தார், மாணவர்களுக்குச் சோறும் போட்டார். பெரிய மனுசன்தான். சேரியிலிருந்து வந்து படித்தவன் என்று ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்ததாக அந்த இரண்டு பாகத்திலும் என் கண்ணில் படவில்லை. பிள்ளை யாரையும் விரட்டினார் என்றும் இல்லை. விரட்ட வேண்டிய இடம் வரைக்கும் யாரும் வந்திருக்க முடியாது.

சேரிக்காரன் வரவில்லை, ஆனால் சேரிக்காரனைப் பற்றிய பாட்டு ஒன்று அவர் வாசலுக்கு வந்தது. கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பாடி முடித்து, பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் கேட்டு வந்தார். கீர்த்தனையில் இலக்கண வழுக்கள் இருக்கின்றன என்று பிள்ளைக்குத் தயக்கம். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். பாரதியும் விடாமல் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் பிள்ளை உள்ளே படுத்திருந்தபோது பாரதி திண்ணையில் உட்கார்ந்து தன் பாட்டைப் பாட ஆரம்பித்தார். கேட்ட பிள்ளை உருகிப்போய்ப் பாயிரம் கொடுத்தார். பாடியவர் பிராமணர்தான். ஆனாலும் நந்தன் கதை என்பதாலோ என்னமோ, அந்தப் பாட்டும் வாசலில் காத்துக் கிடந்துதான் உள்ளே போயிருக்கிறது. காதில் விழுந்ததும் இலக்கணம் வழிவிட்டுவிட்டது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நந்தன் தில்லைக்குப் போய்த் தீயில் இறங்கி மறைந்துபோனான். திருவரங்கத்திலும் ஒருவர் இப்படி மறைந்திருக்கிறார். உறையூர்க்காரர், பாணர் வீட்டில் வளர்ந்தவர், திருப்பாணாழ்வார். காவிரிக்கரையில் யாழோடு நின்றவரைக் கல்லால் அடித்துவிட்டு, பிறகு லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோனார் என்பது வைணவர் சொல்கிற கதை. உள்ளே போய் அமலனாதிபிரான் என்று பத்துப் பாசுரம் பாடினார், அரங்கனோடு கலந்துவிட்டார். அந்தப் பத்தும் திவ்வியப் பிரபந்தத்தில் இருக்கின்றன, இன்றும் ஓதுகிறார்கள். முதல் மூன்று பாசுரங்களின் முதலெழுத்தைச் சேர்த்தால் அ, உ, ம என்று பிரணவம் வருகிறது என்று வியாக்கியானக்காரர்கள் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். எனக்குத் தோன்றுவது வேறு. உள்ளே போன நம்மாட்கள் ஒருவரும் திரும்பி வந்ததாகக் கதை இல்லை. பாணர் திரும்பி உறையூருக்கு வந்து, தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாசுரம் கட்டச் சொல்லிக்கொடுத்தார் என்று எந்தக் குருபரம்பரையிலும் எழுதவில்லை. மறைந்துபோனவரிடம் யார் பாடம் கேட்பது?

மறையாமல் நின்று பாடம் சொன்னவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நமக்கும் இருந்தார்கள். காத்தவராயன் என்ற பெயரோடு 1845இல் பிறந்தவர், தனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராஜ பண்டிதரின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டார். அவர்தான் நம் அயோத்திதாசப் பண்டிதர். அவருடைய பாட்டனார் கந்தப்பன், வெள்ளைக்காரர் வீட்டில் பட்லர் வேலை பார்த்தவர். எல்லிஸ் துரையிடம் திருக்குறள் ஏடு போய்ச்சேர்ந்தது அவர் வழியாகத்தான். பட்லர் வீட்டில் திருக்குறள் ஏடு இருந்திருக்கிறது என்பதை இலக்கிய வரலாற்றுக்காரர்கள் எப்படித் தாண்டிப் போனார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஏடு இருந்தது, கவிராஜர் என்ற பட்டத்தோடு ஆசிரியர் இருந்தார், மாணவன் இருந்தான். நம் பக்கத்திலும் ஒரு திண்ணை இருந்தது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய தமிழன் பத்திரிகையில் (முதலில் ஒரு பைசாத் தமிழன்) பழம்பாட்டுகளுக்கு வேறு பொருள் சொன்னார். வாசகர் கேட்ட சந்தேகங்களுக்கு நிகண்டையும் இலக்கணத்தையும் காட்டிப் பதில் எழுதினார். பௌத்தரான புத்தமித்திரர் செய்த வீரசோழியத்தை எடுத்து வைத்துப் பேசினார். அதில் யாப்பும் ஒரு பகுதி. அவர் சொன்ன பொருள் எல்லாவற்றையும் நான் ஏற்கமாட்டேன். சில இடங்களில் சொல்லை வளைத்து முறிக்கிறார். ஆனால் இலக்கணம் அவாள் சொத்து, நமக்கு வேண்டாம் என்று அவர் ஒருநாளும் ஒதுங்கவில்லை. நம்மிடமிருந்து போன பொருள் என்று உரிமையோடு கேட்டார்.

பஞ்சமர் கல்விக்கென்று சென்னை மாகாண அரசு 1893இல் ஆணை போட்டது. அடையாறு ஊரூரில் ஆல்காட் 1894இல் பஞ்சமர் பள்ளி திறந்தார். மிஷன் பள்ளிகளும் வந்தன. எழுத்து வந்தது, யாப்பு வரவில்லை. அது பண்டிதர் வகுப்பிலேயே நின்றுகொண்டது. பிறகு புதுக்கவிதை வந்தது. ந. பிச்சமூர்த்தி 1934இல் எழுதினார், சி.சு. செல்லப்பா 1959இல் எழுத்து பத்திரிகை தொடங்கினார், கோவையில் 1971இல் வானம்பாடி வந்தது. இனி தேமா புளிமா வேண்டாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார்கள். கதவு திறந்தது உண்மை. ஆனால் திறந்த கதவு வழியாக நம்மாட்கள் கூட்டமாக உள்ளே வர அம்பேத்கர் நூற்றாண்டு தேவைப்பட்டது. 1990, 91க்குப் பிறகுதான் தலித் கவிதை என்ற பெயரே இங்கே புழங்கியது. இன்குலாப் எழுதிய மனுசங்கடா பாட்டை கே.ஏ. குணசேகரன் தொண்டை கிழியப் பாடிய மேடைகளிலிருந்துதான் ஒரு தலைமுறை எழுத வந்தது. நாகர்கோவில் என்.டி. ராஜ்குமார் தன் சாதியின் மந்திரவாதப் பேச்சையே கவிதையாக்கினார். அவர் பாடம் கேட்டது எந்தத் திண்ணையிலும் இல்லை, தன் வீட்டில்.

இப்போது ஒரு புது ஆபத்து வந்திருக்கிறது. நம்ம பையனோ பொண்ணோ கவிதை எழுதிக்கொண்டு போய்க் காட்டினால், "உங்களுக்கு எதுக்குத் தம்பி யாப்பு எல்லாம், உங்க வலியை அப்படியே எழுதுங்க, அதுதான் உண்மை" என்கிறார்கள். இரக்கத்தோடுதான் சொல்கிறார்கள். அதில் உள்ள விசம் என்னவென்றால், கட்டுமானம் எங்களுக்கு, கண்ணீர் உங்களுக்கு என்பது. பாட்டியல் போட்ட பங்கீட்டுக்கும் இதற்கும் ரொம்பத் தூரம் இல்லை.

தெலுங்கில் குர்ரம் ஜாஷுவா என்ன செய்தார் என்று பார்க்கலாம். 1895இல் பிறந்தவர், காளிதாசனின் மேகதூதத்தைச் சாஸ்திரி ஒருவரிடம் பாடம் கேட்டுக் கற்றவர். தெலுங்குப் பத்தியம் என்ற கடினமான யாப்பிலேயே 1941இல் கப்பிலம் எழுதினார். கப்பிலம் என்றால் வௌவால். மேகதூதத்தில் யட்சன் மேகத்தைத் தூது விடுகிறான். ஜாஷுவாவின் நாயகன் அருந்ததியின் பிள்ளை, தீண்டப்படாதவன். அவன் காசியில் இருக்கிற சிவனிடம் வௌவாலைத் தூது விடுகிறான். ஏன் வௌவால்? அதைத்தான் கோயிலுக்குள் யாரும் தடுக்கமாட்டார்கள். மூலஸ்தானத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பூசாரி இல்லாத நேரம் பார்த்துச் சாமி காதில் சொல்லிவிடலாம். சபைகளில் ஜாஷுவாவை அவமானப்படுத்தியவர்கள் உண்டு. ஆனால் யாப்புத் தெரியாதவன் என்று அவரை ஒருவரும் தள்ள முடியவில்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிற அருந்ததியர் மணப்பாறை வட்டாரமெங்கும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஜாஷுவா என்ற பெயரை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகிற பாதையில் மணப்பாறைக்கு அடுத்தது எங்கள் வையம்பட்டி. இடதுசாரி மேடைகளில் பாட்டுக் கட்டிய வையம்பட்டி முத்துசாமியால் ஊர்ப்பெயர் வெளியே தெரியும். மானாவாரி பூமி. எங்கள் தெருவில் எழுத ஆசைப்படுகிற ஏழெட்டுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுகிறோம். காரிகையிலிருந்து அசை பிரிக்க நான் சொல்லிக்கொடுக்கிறேன். பாட்டியலையும் மறைக்காமல் காட்டுகிறேன். ழ, ள பங்கீட்டைச் சொன்னதும் சிரிக்கிறார்கள்.

ஒப்பாரிக்குப் பேர்போன அப்பாயி ஒருவரும் அந்தத் தெருவில் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாது. சாவு வீட்டில் அடுத்தடுத்து இரண்டு இரண்டு வரியாகக் கட்டிப்போகும். முதல் வரியில் போட்ட எதுகைக்கு இரண்டாம் வரியில் சரியான இணை வந்து விழும். ஒருநாளும் தப்பாது. "எங்க அப்பாயி படிச்சது"ன்னு கேட்டாக்க, "எங்காத்தா பக்கத்துல உக்காந்து கேட்டதுதான்யா, மொதல்ல கடைசி வார்த்தைய மட்டும் கூடச் சேந்து இழுக்கணும், பொறவு தன்னால வரும்" என்றது. ஈற்றடி கொடுத்துப் பழக்குகிற மாயூரத்துத் திண்ணைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போன மாசம் அந்த ஒப்பாரியை செல்போனில் பதிவு செய்து, பிள்ளைகள் உட்கார்ந்து அசை பிரித்துப் பார்த்தார்கள். எழுத்தில் பிரித்தால் சீர் நிற்கவில்லை, எங்கெங்கோ உதைக்கிறது. பாடுகிறபோது எங்கும் உதைக்கவில்லை. அப்பாயி எந்த இடத்தில் குறிலை இழுக்கிறது, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்று ஒரு பெண் தனியாக நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். இதுவரை பதினோரு வரி ஆகியிருக்கிறது.